பக்கத்தில் போய்வர ஒரு வண்டி

எங்கள் வட்டாரத்தைப் போல வண்டிகள் மலிந்த இடம் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான் கார் தொழிற்சாலை வந்தது. 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா என்று வரிசையாக வந்தன. ஏரியும் வயலுமாக இருந்த ஊர், இன்று விடிய விடியக் கம்பெனி பஸ்ஸும் கண்டெய்னர் லாரியும் ஓடும் ஊராகிவிட்டது.

ஆனால் இந்த ஊரில் குடித்தனம் நடத்தும் பெண்ணுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ள ரேஷன் கடைக்குப் போய்வர என்ன வழி? கம்பெனி பஸ் நமக்கு நிற்காது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உபகாரம்தான். ஆனால் அந்த பஸ்ஸைப் பிடிக்க, எங்கள் தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் நடக்க வேண்டும். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். வீட்டு ஆண்களோ ஷிப்டில் இருப்பார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் இருக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படுமே என்றுதான், நான் வண்டி வாங்கியபோது விசாரித்துத் தெரிந்துகொண்ட விஷயங்களை எழுதுகிறேன்.

ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் வீடு. நான் பிளஸ் டூ வரை படித்தவள். நாற்பத்து நான்கு வயது வரை சைக்கிளைத் தவிர வேறு வண்டியைத் தொட்டதில்லை. வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை என் மாமியாரால் வந்தது. அவருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். "இந்தப் புண்ணுக்கு மருந்து பாதி, காலை ஊன்றாமல் இருப்பது பாதி. நடந்து நடந்து வந்தால் நான் கட்டுகிற கட்டுக்குப் பலனே இல்லை. விரலை எடுக்கிற நிலைமைக்குக் கொண்டு வராதீர்கள்."

சர்க்கரைக்காரர்களின் பாதத்தில் நரம்பு மரத்துப் போயிருக்கும். வலி தெரியாததால் அவர்கள் புண்ணின் மேலேயே நடப்பார்கள். பஸ் நிறுத்தம் வரை நடப்பது, ஷேர் ஆட்டோவில் ஏற எக்குவது எல்லாமே அந்த விரலுக்குக் கேடுதான்.

"நான் இருக்கும்போது கூட்டிட்டுப் போறேனே, உனக்கு எதுக்குத் தனியா வண்டி?" என்றார் என் கணவர்.

"நீங்க இருக்கற நேரத்துல ஆஸ்பத்திரி திறந்திருக்கணுமே!" என்றேன். காலை ஷிப்ட் என்றால் ஐந்தரைக்கே பஸ் ஏறிவிடுவார். இரவு ஷிப்ட் என்றால் தூக்கக் கண்ணோடு வந்து சேருவார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, என்ன வண்டின்னு நீயே பாரு" என்றார்.

முதலில் தூரக் கணக்கு

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்தேன். இரண்டு வாரம், வீட்டை விட்டு எங்கெங்கே போக வேண்டியிருந்தது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். சின்னவனின் பள்ளி, ரேஷன், மாவு மில், ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை வல்லக்கோட்டை முருகன் கோயில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் போய்வந்த ஒரே ஒரு நாள் மட்டும் இருபத்தாறு.

இந்தக் கணக்கு கையில் இருந்ததால்தான் கடைக்காரர் பேச்சில் மயங்காமல் தப்பினேன். "நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடும்மா" என்று பெரிய பேட்டரி வண்டியைக் காட்டுவார்கள். பெரிய பேட்டரி என்றால் விலையும் கூடுதல், பெரும்பாலும் எடையும் கூடுதல். தினம் பதினைந்து கிலோமீட்டர் போகிறவளுக்கு அது எதற்கு? இன்னொன்று, விளம்பரத்தில் போடும் தூரம் சோதனைக்கூடத்தில் அளந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்து, நின்று நின்று போனால் அவ்வளவு வராது. நிஜத்தில் அறுபது கிலோமீட்டர் ஓடினாலே எனக்கு மூன்று நான்கு நாளைக்குப் போதும்.

மூன்று விதம்

நம் தேவைக்கு ஏற்ற சிறு வண்டிகள் மூன்று விதம்.

ஒன்று, மெதுவாகப் போகும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. நம்பர் பிளேட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். விலையும் குறைவு. கேட்டதும் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் சாலையை நினைத்துப் பார்த்தேன். சிங்கப்பெருமாள்கோயில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையில் லாரியும் பஸ்ஸும் பறக்கும்போது, நடுவில் 25-ல் ஊர்ந்து போவது ஆபத்து. தெருவுக்குள்ளேயே, ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு அது நல்ல வண்டி. பெருஞ்சாலையைத் தொட வேண்டியவர்களுக்கு வேண்டாம். "வேகத்தைக் கூட்டித் தர்றோம்" என்று சில கடைகளில் சொல்வார்கள். அப்படிக் கூட்டிய நிமிஷமே அது பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடும்.

இரண்டாவது, நம் பழைய சிநேகிதனான மொபெட். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது, இரண்டு பேர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட் என்று பெயர் வாங்கியது. என் தாய்மாமா அதில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போவார். அதன் வம்சத்தில் வந்த எக்ஸெல் 100 என்ற வண்டி 2015-ல் வந்தது. முன்பக்கம் தட்டையான இடம் இருப்பதால் அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ வைக்கலாம். எடை குறைவு, எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். "மொபெட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். கண்டிப்பாக வேண்டும். 

மூன்றாவது, பதிவு செய்யும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து இருக்குமே, அது. இந்த வண்டிகளில் பல நம் தமிழ்நாட்டிலேயே தயாராகின்றன. ஹேமலதா அண்ணாமலை என்ற பெண்மணி 2008-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய ஆம்பியர் கம்பெனி 2018-ல் கிரீவ்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போய், 2021-ல் ராணிப்பேட்டையில் பெரிய தொழிற்சாலை கண்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் ஆரம்பித்த ஏத்தர், டி.வி.எஸ்.ஸின் ஐகியூப் இரண்டும் ஓசூர் வண்டிகள். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் தொழிற்சாலை இருக்கிறது. இவை தவிர, பழைய லூனாவும் 2024-ல் மின்சார லூனாவாகத் திரும்பி வந்திருக்கிறது.

பணக் கணக்கு

எலெக்ட்ரிக் வண்டி என்றாலே "செலவே இல்லை" என்பார்கள். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

எனக்கு மாதம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். சிறிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒரு யூனிட் கரண்டில் முப்பது கிலோமீட்டர் சுமாருக்குப் போகும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் மாதம் 12 யூனிட். இரண்டு மாதப் பில்லில் 24 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 200 ரூபாய்க்குள். மொபெட் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் அதே இரண்டு மாதத்துக்கு 12 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,200 ரூபாய். ஆக, இரண்டு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய், வருஷத்துக்கு ஆறாயிரம் மிச்சம்.

சந்தோஷம்தான். ஆனால் எலெக்ட்ரிக் வண்டி மொபெட்டை விட 30,000 ரூபாய் கூடுதல் என்றால், அந்தப் பணம் திரும்பி வர ஐந்து வருஷம் ஆகும். தவணையில் வாங்கினால் வட்டி வேறு. ஆகவே தினம் முப்பது நாற்பது கிலோமீட்டர் போகிறவர்களுக்குத்தான் மிச்சம் சீக்கிரம் கண்ணில் படும். நம்மைப் போலப் பக்கத்தில் போய்வருகிறவர்கள், பெட்ரோல் காசு மிச்சம் என்ற ஒன்றை மட்டும் நம்பி எலெக்ட்ரிக் வாங்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். மின்சாரத்தில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். வீட்டில் ஏ.சி. ஓடி, ஏற்கெனவே 490-ல் நிற்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

பேட்டரி என்றைக்காவது ஒருநாள் மாற்ற வேண்டியதுதான். வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர், மாற்றினால் இன்றைய விலை என்ன என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். லித்தியம் பேட்டரியா, பழைய ஈய-அமில பேட்டரியா என்றும் கேளுங்கள். ஈய-அமில பேட்டரி விலை மலிவு, ஆனால் கனம் அதிகம், ஆயுள் குறைவு.

சார்ஜ் போட இடம் எங்கே?

எங்கள் மாடிப் போர்ஷனில் ஒரு பெண் குடியிருக்கிறாள். இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு, கம்பெனிப் பையன்கள் தங்கியிருக்கும் அறைகளுக்குக் கொண்டுபோய் விற்கிறாள். நான் விசாரிக்கப் போன இடமெல்லாம் அவளும் கூட வந்தாள். "அக்கா, நீங்க எதை வாங்கறீங்களோ அதையே நானும் வாங்கிக்கறேன்" என்றாள்.

வேண்டாம் என்று நானே தடுத்தேன். அவளுக்குக் கீழே வண்டி நிறுத்தத்தான் இடம், பிளக் கிடையாது. மாடியிலிருந்து ஒயர் தொங்கவிட்டுச் சார்ஜ் போடுவது விபரீதம். நாளைக்கே வேறு வீடு மாறினால் அங்கே என்ன வசதியோ? அதோடு தினம் முப்பது கிலோ அரிசி, மாவு டப்பா என்று சுமை வேறு. அவள் மொபெட் வாங்கினாள். அவளுக்கு அதுதான் சரி. எனக்குச் சொந்தமாகப் போர்டிகோ இருக்கிறது, மின்சார மீட்டரும் எங்களுடையது. நான் எலெக்ட்ரிக் வாங்கினேன். ஒரே வாசல், இரண்டு வண்டி.

எனக்கு எலெக்ட்ரிக் ஒத்துப்போனதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எங்களுக்குப் பக்கத்துப் பெட்ரோல் பங்க் சாலையின் எதிர்ப்பக்கம். அதற்குப் போக, வெகுதூரம் போய் லாரிகளோடு சேர்ந்து திரும்ப வேண்டும். வீட்டிலேயே சார்ஜ் என்றால் அந்தத் திருப்பம் மிச்சம். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் ஊர்களுக்குள் வளைந்து போகும் உட்சாலை இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் கூடுதல், ஆனால் நிம்மதி. நீங்களும் வண்டி வாங்கும் முன்பே உங்கள் வழியைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். திருப்பம் தூரத்தில் இருக்கிறதே என்று எதிர்த்திசையில் போவதும், ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிக்குப் பின்னால் இருட்டில் ஒட்டிப் போவதும் எங்கள் பகுதியில் உயிர்க்கொல்லிகள்.

நெருப்பு பயம் எல்லோருக்கும் இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜில் இருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனும் பதின்மூன்று வயது மகளும் இறந்து போனார்கள். அதைப் படித்தபோது என் வயிறே கலங்கியது. அந்த வருஷத்தில் இப்படிச் சில விபத்துகள் நடந்த பிறகு அரசாங்கம் பேட்டரிச் சோதனையைக் கடுமையாக்கியது. ஏ.ஐ.எஸ். 156 என்ற அந்தத் திருத்திய விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் முடிவிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. புது வண்டியானாலும் பழைய வண்டியானாலும் இந்த விதிப்படி சோதனையானதா என்று கேளுங்கள். 

வீட்டில் செய்ய வேண்டியவை: எலெக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக் தனியாகப் போடச் சொல்லுங்கள். கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ஸ்விட்சும் அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. படுக்கும் அறையிலும் மாடிப்படிக்குக் கீழும் வெளியேறும் வாசலை அடைத்தும் சார்ஜ் போடாதீர்கள். வெயிலில் ஓட்டி வந்ததும் போடாமல், அரைமணி ஆறவிட்டுப் போடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு வேண்டாம். நான் பகலில், சமையல் முடித்துக் கண்ணெதிரே இருக்கும் நேரத்தில்தான் போடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் ஏரி நிரம்பிச் சாலையில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள்.

உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

கடைக்கு நான் சேலையில்தான் போனேன், மாமியாரையும் ஆட்டோவில் அழைத்துப் போனேன். சேலை கட்டுகிறவள் சுடிதாரில் போய்ச் சோதித்தால் வித்தியாசம் தெரியாது. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். நுனிக்கால் மட்டும் பட்டால் அந்த வண்டி வேண்டாம். பின்னால் ஒருக்களித்து ஆள் உட்கார்ந்து வண்டியை நிறுத்தும்போது, நம் இரண்டு கால்தான் தூண். ஸ்டாண்டு போட்டுப் பாருங்கள், பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். மொபெட் தொண்ணூறு கிலோவுக்குள் அடங்கிவிடும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பலவும் நூறு கிலோவுக்கு மேல். சிலவற்றில் பின்னோக்கி நகர்த்தும் வசதி இருக்கிறது. அது எனக்குப் பெரிய உதவி.

என் மாமியாரைப் போலப் பாதம் மரத்தவர்களை ஏற்றுவதானால் இன்னும் கவனம் தேவை. கால் எதிலாவது உரசினாலும் அவர்களுக்குத் தெரியாது. சக்கரத்தை மறைக்கும் சேலை கார்டும் பின்னால் கைப்பிடியும் பாதம் முழுதும் பதியும் அகலமான கால் பலகையும் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் வாங்கினேன். கட்டுப்போட்ட காலுக்கு மேல் தளர்வான மூடிய செருப்பு போட்டு, இறங்கியதும் காலை ஒருமுறை பார்த்துவிடுவேன். இருவருக்கும் ஹெல்மெட். "இந்த வயசுல எனக்குக் கிரீடமாடி!" என்று முதல்நாள் சிரித்தார். மூன்றரை மாதம் ஒரு கட்டும் தவறவில்லை. புண் மூடிவிட்டது, ஐந்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. டாக்டரம்மா வைத்தியத்துக்கும் மாமியாரின் பொறுமைக்கும்தான் முதல் நன்றி, ஆனால் வண்டிக்கும் அதில் பங்கு உண்டு.

உங்கள் பெயரில் வாங்குங்கள்

இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆர்.சி. புக் கணவர் பெயரில், ஓட்டுவது நாம் என்பதுதான் பல வீடுகளில் வழக்கம். வண்டி இன்ஷூரன்ஸோடு எடுக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர் செல்லுபடியான லைசென்ஸோடு ஓட்டினால்தான் அவருக்குப் பொருந்தும். பெயர் கணவருடையது என்றால், தினமும் ஓட்டுகிற நமக்கு அது கிடையாது. இதை எடுத்துச் சொன்னதும் என் கணவர் மறுபேச்சில்லாமல் என் பெயரிலேயே பதிந்தார்.

லைசென்ஸுக்கு வயது ஒரு தடையில்லை. எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் தேர்வு. நான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், வீடு எழும்பாத மனைப் பிரிவுச் சாலைகளில் பழகினேன். எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. சைக்கிள் தெரிந்தவர்களுக்கு ஒரு வாரத்தில் கை வந்துவிடும். ஒரே எச்சரிக்கை, எலெக்ட்ரிக் வண்டி சத்தமில்லாமல் நிற்கும். ஆன் செய்திருப்பதை மறந்து கைப்பிடியைத் திருகினால் பாய்ந்துவிடும். நிறுத்தியதும் ஆஃப் செய்து சாவியை எடுப்பதைப் பழக்கமாக்குங்கள்.

அந்தச் சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். 2019-ல் திருத்திய சட்டப்படி, உரிமம் பெற வயதில்லாத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் கிடைக்கலாம். நாலு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றினால், நம்மோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை கட்டி, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் போக வேண்டும் என்பது 2023 பிப்ரவரியிலிருந்து விதி.

எந்தக் கம்பெனி வண்டி நல்லது என்று என்னைப் பல பேர் கேட்கிறார்கள். உங்கள் தூரம், உங்கள் சாலை, உங்கள் பிளக், உங்கள் சுமை, உங்கள் கால் உயரம், பக்கத்தில் உள்ள சர்வீஸ் என்று ஆறையும் ஒரு தாளில் எழுதுங்கள். பதில் அதிலேயே வந்துவிடும். எழுதிய தாளை வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். கணக்கோடு பேசும்போது "உனக்கு எதுக்கு வண்டி?" என்ற கேள்வி தானாகவே அடங்கிவிடும்.